அறுபது துண்டும் ஒரு புண்ணிய காலமும்

சஞ்சீவனிக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள். கட்டுக்கலைப் பக்கம் அவர்கள் குடியிருக்கும் சந்து முழுக்கப் பலகாரம் சுடும் எண்ணெய் வாசனை. அவளுடைய சமையலறையில் மட்டும் வெண்ணெயும் வனிலாவும் மணத்தன. இரண்டு பெரிய ட்ரேக்களில் சீனிக் குக்கியை ஓவனில் வேகவைத்து, ஆறவைத்து, மேலே மஞ்சள் ஐசிங் பூசி, ட்ரேக்கு முப்பதாக அறுபது துண்டு வெட்டியாயிற்று. ஒவ்வொரு துண்டிலும் சிவப்பு ஐசிங்கால் ஓர் எரபது பூ. சித்திரை வந்தால் கண்டியைச் சுற்றியுள்ள சரிவுகளில் இலையே தெரியாமல் சிவந்து நிற்குமே, அந்தப் பூ. அறுபதாவது பூவைப் போட்டு முடித்தபோது மணிக்கட்டு கடுத்தது. கடுக்கட்டும், அதற்கென்ன என்று அவளே தன் கைக்குச் சொல்லிக்கொண்டாள்.

பிலிமத்தலாவையில் ஹில்மி என்பவர் ஒரு சின்ன விருந்தினர் விடுதி நடத்துகிறார். புத்தாண்டு மத்தியானம் அங்கே ஒரு குடும்பம் ஒன்றுகூடுகிறது. லண்டன், டொரொண்டோ என்று சிதறிப்போன அறுபது பேர். அவர்களுடைய பிள்ளைகள் கொக்கிஸையும் பலகாரத்தையும் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லையாம். தங்கள் ஊர்க் கோடை விடுமுறையில் தின்னும் ஐசிங் போட்ட குக்கி பார்தான் வேண்டுமாம். ஹில்மி நாலு இடத்தில் விசாரித்துச் சஞ்சீவனியைப் பிடித்திருந்தார்.

"ஒன்றரை மணிக்கு மேசயில ஈக்கணும் தங்கச்சி. இது நல்லாப் போச்சுண்டா, பொறகு கிழமைக்குக் கிழமை ஒங்களுட்டதான் எடுப்பேன்" என்று அவர் தொலைபேசியில் சொன்ன வார்த்தையை அவள் ஒரு வாரமாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள்.

காரணம் இருந்தது. ஒரு கம்பெனியில் கிளார்க் வேலையிலிருந்து சம்பளமில்லாத ஆறு மாத லீவு எடுத்துத்தான் அவள் இந்த ஓவனுக்கு முன்னால் வந்து நின்றாள். புத்தாண்டு விடுமுறை முடிந்து ஆபீஸ் திறக்கும் அன்று லீவும் முடிகிறது. அன்றைக்கு ஒன்று போய்க் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது விலகல் கடிதம் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்தில் பிறந்தநாள் கேக் பதினொன்று செய்திருந்தாள். அதை நம்பி வேலையை விட முடியாது. ஹில்மியின் 'கிழமைக்குக் கிழமை'யை நம்பி விடலாம்.

இதெல்லாம் அவளுக்குத் தெரியும், கணவன் சுதேஷுக்குத் தெரியும். மாமியார் வடிவம்மாவுக்கு மட்டும் தெரியாது. சொன்னால், "கரண்டுப் பொட்டிக்கு யாரு புள்ள ஆடர் குடுப்பா?" என்று ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பயந்து, காரியம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று சஞ்சீவனி வாயை மூடிக்கொண்டாள். அவள் செய்த முதல் தப்பு அதுதான்.

வடிவம்மாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஓவனை அவர் ஒருநாளும் அடுப்பு என்று ஒப்புக்கொண்டதில்லை. "அதுல நெருப்பு உண்டா? பால் பொங்குமா? பொட்டிக்குள்ள வச்சுப் பூட்டுறதெல்லாம் சமையலா?" என்பார். புத்தாண்டு என்று வந்துவிட்டால் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். தமிழ்ப் பஞ்சாங்கத்தையும் பார்ப்பார், பக்கத்து வீட்டுச் சிங்களவரின் நல்ல நேரம் குறித்த நெகத் தாளையும் வாங்கிப் பார்ப்பார். இரண்டில் எது கடுமையோ அது நம் வீட்டுக்கு! பழைய வருடமும் புது வருடமும் சந்திக்கும் புண்ணிய காலம் தொடங்கிவிட்டால் அடுப்பு எரியக் கூடாது, வேலை செய்யக் கூடாது. அதனால் அயல் வீடுகளுக்கான பலகாரத் தட்டுகளைப் புண்ணிய காலம் தொடங்கு முன்பே அனுப்பிவிடுவார். அதன் பிறகு மறுநாள், புது வருடத்தின் முதல் பணம் கைமாறும் கைவிசேட நேரம் வரும்வரை ஒரு துரும்பும் வீட்டை விட்டு வெளியே போகாது, உள்ளேயும் வராது.

அந்த வருடம் புண்ணிய காலம் புத்தாண்டுக்கு முதல் நாள் மாலை ஆறு நாற்பதுக்குத் தொடங்கியது.

துண்டுகளை அடுக்க அட்டைப் பெட்டி வாங்குவதற்காகச் சஞ்சீவனி மூன்று மணிக்கே டவுனுக்குப் போனாள். புத்தாண்டுக்கு முதல் நாள் கண்டி டவுனில் நடப்பதற்குத் தனித் தைரியம் வேண்டும். எள் போட்டால் எள் விழாத கூட்டம். நாலு கடை ஏறி இறங்கி, மூடியில் கண்ணாடித்தாள் வைத்த பெட்டிகளாகப் பார்த்து வாங்கி, பஸ்ஸில் நின்றபடியே வந்து, சந்தேறி வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஆறு இருபத்தைந்து.

சமையலறையில் இரண்டு ட்ரேயும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

அவளுக்குச் சட்டென்று எதுவும் பிடிபடவில்லை. பிரிஜ்ஜைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"அத்தை, இதுல இருந்ததெல்லாம் எங்க?"

வடிவம்மா விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் நல்ல திருப்தி. "எங்க போவும்? தட்டுல வச்சு அனுப்பியாச்சு. பத்து வீடு, வீட்டுக்கு ஆறு ஆறு. நீ கணக்குப் பாத்துத்தான் செஞ்சிருக்க புள்ள, ஒண்ணு கூடல, ஒண்ணு கொறையல."

சஞ்சீவனி பெட்டிகளோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பின்வாசல் வழியாக வந்த சுதேஷ், அவளுடைய முகத்தையும் கவிழ்ந்த ட்ரேக்களையும் மாறி மாறிப் பார்த்தான். தட்டுகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது அவன்தான். லேஸ் துணி போட்டு மூடிய தட்டை எவன் திறந்து பார்ப்பான்?

"அய்யய்யோ" என்றான். "அது ஹில்மி நானாவோட ஆடராச்சே!"

அதற்குப் பிறகு எல்லாம் வெளியே வந்தது. ஹில்மி, அறுபது விருந்தாளி, ஒன்றரை மணி, ஆபீஸ், கடிதம் எல்லாம். வடிவம்மா திரியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க அவருடைய முகம் இறங்கியது. ஆனால் இறங்கிய முகத்தோடு சும்மா இருக்கிற ஆள் அவர் இல்லை.

"ஆடருன்னு ஒரு வார்த்த சொன்னியா நீ? ஒரு வார்த்த!"

"கேக்காம எடுத்துக் குடுப்பீங்களா அத்தை?"

"வீட்டுல பண்டம் செஞ்சு வச்சிருந்தா புதுவருசத் தட்டுக்குன்னுதானே எவளும் நெனப்பா?"

"போய்த் திருப்பி வாங்கிட்டு வந்துறவா?" என்றான் சுதேஷ், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. அம்மாவும் மனைவியும் ஒரே நேரத்தில் அவனைப் பார்த்த பார்வையில் அவன் கதவோரம் ஒதுங்கினான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

சஞ்சீவனி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு முப்பத்திரண்டு. சந்திலேயே ஓவன் இருக்கிற ஒரே வீடு இதுதான். அவள் எழுந்தாள். அழுகை வருகிற நேரத்தில் அவளுக்கு மூளை இன்னும் வேகமாக ஓடும்.

"சரி அத்தை. இப்பவே மாவப் பெசையுறேன். ஓவன் அடுப்பு இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க? நெருப்பும் இல்ல, பாலும் பொங்காது, வெறும் கரண்டுப் பொட்டி. அடுப்பு இல்லன்னா புண்ணிய காலத்துல போட்டா என்ன?"

சுதேஷ் மூச்சைப் பிடித்துக்கொண்டான். இது நல்ல பிடிதான். பொட்டி என்றால் இவள் சுடலாம். அடுப்பு என்றால் இத்தனை நாளும் பேசிய பேச்சு என்னாவது? வடிவம்மா வகையாக மாட்டிக்கொண்டார் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

வடிவம்மா திரியைக் கீழே வைத்தார். "போடக் கூடாது" என்றார். "அது அடுப்புதான்."

"அப்ப இவ்வளவு நாளும்?"

"இவ்வளவு நாளும் வாய்க்கு வந்தத பேசினேன். அடுப்புல வேகாதத என் தட்டுல வச்சு ஊருக்கு அனுப்புவேனா நான்? இன்னைக்கு நீ டவுனுக்குப் போன நேரம் மொத ட்ரேயில வெட்டி ஒதுக்கின ஓரத்த ஒடச்சுத் தின்னு பாத்தேன். முப்பது வருசமா இந்தச் சந்துல எல்லா வீட்டுத் தட்டுலயும் ஒரே முறுக்கு, ஒரே பயத்தம் உருண்ட. இந்தத் தடவ நம்ம தட்டுல மட்டும் வேற ஒண்ணு இருக்கணும்னு ஆசப்பட்டேன். மருமக செஞ்சதுன்னு சொல்லி அனுப்பச் சொன்னேன். கேட்டுப் பாரு இவன."

"சொல்லித்தான் குடுத்தேன்" என்றான் சுதேஷ், கதவோரத்திலிருந்து.

சஞ்சீவனி தரையில் கிடந்த பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தாள். கோபம் போகவில்லை. ஆனால் அதன் பக்கத்திலேயே வேறு ஒன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆறு மாதமாக இந்த ஒரு பேச்சைக் கேட்கத்தானே காத்திருந்தாள்! இந்த நேரம் பார்த்தா வர வேண்டும் என்று அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ருக்கியா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். வீட்டிலேயே இனிப்புத் தண்ணீரைச் சின்ன உறைகளில் உறையவைத்து ஐஸ் பக்கெட் செய்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்பவள். வாய் நிறைய ஐசிங்.

"வடிவம்மாக்கா, என்னா ருசி இது! எங்கட ஊட்டுல ஆறும் முடிஞ்சி!" என்றவள், உள்ளே மூன்று முகமும் இருந்த இருப்பைப் பார்த்து நிறுத்தினாள். விஷயம் தெரிந்ததும் நெஞ்சில் கை வைத்தாள். "அல்லாவே! அத நாங்களா திண்டோம்?"

"நாளைக்கு ஒம்பது நாப்பத்தெட்டுக்கு அடுப்பு மூட்டுற நேரம்" என்றார் வடிவம்மா. குரல் மாறிவிட்டது. இப்போது அவர் கல்யாண வீட்டில் பந்தி நடத்துகிற ஆள். "மாவு, சீனி இருக்கு. என்னென்ன இல்ல, சொல்லு புள்ள."

"பட்டர் இல்ல. ஐசிங் சீனி இல்ல. முட்ட ரெண்டுதான் இருக்கு. நாளைக்குக் கடையெல்லாம் பூட்டு."

"எங்கட மாமாட கட தொறந்துதான் ஈக்கும். நான் இப்பவே போய் எடுத்துட்டு வாறன்" என்றாள் ருக்கியா. பிறகு ஒரு சந்தேகம். "ஆனா நாளைக்குக் கைவிசேடத்துக்கு முன்னுக்கு நீங்க கையால ஒண்டும் வாங்க மாட்டீங்களே அக்கா?"

வடிவம்மா கொஞ்சம் யோசித்தார். சட்டம் போட்டவருக்குத்தான் அதன் சந்துபொந்தும் தெரியும்.

"என் தட்டு ஒன்கிட்ட இருக்கு இல்ல? தட்ட வெறுமனே திருப்ப மாட்டதானே நீ? அதுல என்னத்த வச்சு அனுப்புறியோ அது ஒன் இஷ்டம். தட்டு திரும்பி வாறது குடுக்கல் வாங்கல் இல்ல. அது மரியாத."

ஆறு நாற்பதுக்குக் கோயில் மணி கேட்டது. அந்த வீட்டில் எல்லாம் நின்றது.

மறுநாள் காலை புண்ணிய காலம் முடிகிறது என்று பஞ்சாங்கம் சொன்ன ஏழு இருபத்தெட்டுக்கு அந்த வீட்டில் மூன்று பேரும் ஓட்டப்பந்தயக்காரர் மாதிரி நின்றார்கள். மருத்துநீர் வைத்துக் குளித்துப் புது உடுப்பும் போட்டாயிற்று. ருக்கியாவின் தட்டு முன்வாசல் வழியாக முறையாகத் திரும்பி வந்தது. லேஸ் துணியைத் தூக்கினால் ஆறு பட்டர் கட்டி, இரண்டு பாக்கெட் ஐசிங் சீனி, ஒரு டசன் முட்டை. இப்படியொரு புதுவருடத் தட்டை அந்தச் சந்து கண்டதில்லை.

சஞ்சீவனி பட்டரையும் சீனியையும் அடித்து, முட்டை ஊற்றி, மாவைச் சேர்த்துப் பிசைந்து ட்ரேயில் அமுக்கிப் பரப்பிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நெகத் தாளை மறுபடி படித்த வடிவம்மா தலையில் கை வைத்தார்.

"தெக்கப் பாத்து நின்னு மூட்டணுமாம்! இந்தப் பொட்டி, இல்ல, இந்த அடுப்பு வடக்குச் செவுத்துல இருக்கே!"

மணி ஒன்பது இருபது. சுதேஷும் ருக்கியாவின் கணவரும் ஓவனைத் தூக்கினார்கள். எதிர்ச் சுவரில் பிளக் கிடையாது. ஹாலிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்தார்கள். அது ஒரு முழம் எட்டவில்லை. மேசையை நகர்த்தி, அரிசி வாளியை நகர்த்தி, கடைசியில் பிரிஜ்ஜையே நகர்த்தினார்கள். "பைய, பைய! கால்ல போடாத!" என்று வடிவம்மா கத்த, "நீங்க தள்ளி நில்லுங்கம்மா!" என்று சுதேஷ் கத்த, ருக்கியா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நேரம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்பது நாற்பத்தாறுக்கு ஓவன் புது இடத்தில் உட்கார்ந்தது. அதன் மேல் ஒரு வெற்றிலையும் செவ்வரத்தம் பூவும் வைத்து வடிவம்மா குங்குமம் இட்டார்.

பிறகு, வழக்கம்போல் தீப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றார். நின்றவர் மேலும் கீழும் பார்த்தார்.

"இத எங்க புள்ள பத்த வைக்கிறது?"

"பத்த வைக்கத் தேவல்ல அத்தை. அந்தக் குமிழத் திருப்பினாச் சரி."

அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த வருடத்திலிருந்து முப்பத்தொரு புத்தாண்டுக்கு அடுப்பு மூட்டியது வடிவம்மாதான். காய்ச்சலோடு படுத்திருந்த வருடத்தில்கூட எழுந்து வந்து மூட்டிவிட்டுத்தான் படுத்தார். இன்னொருவர் கையில் அவர் அதைக் கொடுத்ததில்லை, யாரும் கேட்கத் துணிந்ததும் இல்லை. அவர் தீப்பெட்டியை மேசையில் வைத்தார்.

"அப்ப நீ வா. ஒன் அடுப்ப நீயே மூட்டு."

சஞ்சீவனி கையில் ஒட்டிய மாவைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். தெற்கே பார்த்து நின்றாள். அஸ்கிரிய மலைப் பக்கம் முதல் வெடி வெடித்தது. அடுத்த நொடி ஹந்தானைப் பக்கம். பிறகு கண்டி முழுவதும் பட்டாசு, கோயில் மணி, விகாரையிலிருந்து மேளம். ருக்கியா வேலிக்கு அப்பாலிருந்து "இப்ப! இப்ப!" என்று கத்தினாள். சஞ்சீவனி குமிழைத் திருப்பினாள். உள்ளே சிவப்பு வெளிச்சம் வந்தது. அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தியும் விட்டாள். பட்டாசுச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். பத்தரைக்குக் குக்கி ஓரம் சிவந்து வெளியே வந்தது. கேஸ் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. சூடான குக்கியில் ஐசிங் பூசினால் தண்ணீராக ஓடிவிடும். சித்திரை வெயிலில் அது தானாக ஆறுவதற்குப் பொழுது சாய்ந்துவிடும். "திரும்பி வாறதுதானே, இது குடுக்கல் இல்ல" என்று வடிவம்மாவே சொல்ல, இரண்டு ட்ரேயும் வேலிக்கு மேலால் ருக்கியாவின் ஐஸ் பக்கெட் பிரீசருக்குப் போயின. நல்ல நேரம் பதினொன்று பதினேழுக்கு எல்லாருக்கும் கைவிசேடம் கொடுத்த கையோடு வடிவம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார்.

"பூ நீ போடு. மஞ்சள நான் பூசுறேன். தோசக்கல்லுல எண்ண தடவுறதுதானே!"

அவர் பூசியது முதல் வரிசையில் மேடு பள்ளமாக இருந்தது. இரண்டாவது வரிசையிலேயே கை படிந்துவிட்டது. சஞ்சீவனி பின்னாலேயே அறுபது பூவையும் போட்டுக்கொண்டு வந்தாள். நேற்றுப் போட்ட பூ அழகாக இருந்தது. இன்றைக்குப் போட்டது அவசரத்தில் கொஞ்சம் கோணல். பார்க்க நேரம் இல்லை.

பன்னிரண்டரைக்கு ருக்கியாவின் கணவருடைய த்ரீவீல் புறப்பட்டது. பின் இருக்கையில் சஞ்சீவனியும் வடிவம்மாவும். நீங்களும் எதற்கு என்று கேட்ட மகனிடம், "மடியில வச்சுப் புடிக்க ஆள் வேணாமா?" என்றார் வடிவம்மா. ஐசிங் உருகாமலிருக்கப் பெட்டிகளைச் சுற்றி ருக்கியா கொடுத்த கலர் கலரான ஐஸ் பக்கெட்டுகள் அறுபது எழுபது. பேராதனை தாண்டும்போது ஆரஞ்சும் பச்சையுமாக உருகிச் சேலை ஈரமாயிற்று. ரோட்டில் ஒரு ஈ, காக்கை இல்லை. வெயில் மட்டும் சுளீரென்று அடித்தது. ஒவ்வொரு வளைவிலும் வடிவம்மா பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஏம்ப்பா, பிள்ளத்தாச்சிய ஏத்திட்டுப் போற மாதிரி ஓட்டு" என்றார். சஞ்சீவனி மூடியின் கண்ணாடித்தாள் வழியாகப் பார்த்துப் பார்த்து வந்தாள். பூக்கள் அசையவில்லை.

ஒன்று இருபதுக்கு ஹில்மியின் விடுதிப் படியில் ஏறினார்கள். உள்ளே பெரிய இரைச்சல். ஹில்மி பெட்டியைத் திறந்து பார்த்தார், தட்டில் அடுக்கி மேசைக்கு அனுப்பினார். சஞ்சீவனி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் ஒரு சின்னப் பெண் வந்து ஒன்றை எடுத்து, பூவை மட்டும் நக்கிப் பார்த்து, திரும்பிக் கத்தி யாரையோ கூப்பிட்டாள். பிறகு பிள்ளைகள் மொய்த்தன. பிறகு பிள்ளைகளுக்கென்று எடுக்க வந்த தாய்மார் அங்கேயே நின்று தின்றார்கள். வேட்டி கட்டிய ஒரு பெரியவர் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இரண்டாவதை எடுத்தார். பத்து நிமிடத்தில் தட்டில் மஞ்சள் பொடி மட்டும் மிஞ்சியது.

ஹில்மி வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"எனக்கு ஒண்டும் மிச்சமில்ல தங்கச்சி" என்றார். "ருசி பாக்காமத்தான் பேச வேண்டி ஈக்கி. வாற வெள்ளிக்கிழமையிலிருந்து கிழமைக்கு ரெண்டு ட்ரே. பதினொரு மணிக்குக் கொண்டாந்தாப் போதும். ஏலுமா?"

ஏலும் என்று சொல்லச் சஞ்சீவனி வாயைத் திறந்தாள். ஆபீஸ் மேசை, கடிதம், ஆறு மாதம், எல்லாம் சேர்ந்து கண்ணில் வந்து நின்றன.

அதற்குள் ஆரஞ்சுச் சாயம் ஏறிய சேலையோடு வடிவம்மா முன்னால் வந்தார்.

"பதினொரு மணி சரிப்படாது தம்பி. வெள்ளிக்கிழம பத்தரையிலேருந்து ராகு காலம். நாங்க ஒம்பது மணிக்கே கொண்டாந்துருவோம்."